நூற்றுக்கு நூறு கேட்ட சட்டம்: அமெரிக்கத் திருச்சபைகள் தேர்வு அரசியலுக்குள் வந்த கதை

2002 ஜனவரி 8 அன்று ஒஹையோ மாநிலத்தின் ஹாமில்டன் நகரிலுள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஒரு கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சட்டத்தை உருவாக்கியவர்களில் குடியரசுக் கட்சியின் ஜான் பேனரும் ஜட் கிரெக்கும் இருந்தார்கள். ஜனநாயகக் கட்சியின் டெட் கென்னடியும் ஜார்ஜ் மில்லரும் இருந்தார்கள். பிரதிநிதிகள் சபையில் 381-க்கு 41, செனட்டில் 87-க்கு 10 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது. இரண்டு கட்சிகளும் இவ்வளவு இணக்கமாக ஒரு காரியத்தைச் செய்தால் கொஞ்சம் சந்தேகப்படுவதில் தவறில்லை. 2013-14 கல்வியாண்டு முடிவதற்குள் அரசுப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். எண்பது சதவீதம் போதும் என்றோ தொண்ணூற்றைந்து போதும் என்றோ அது சொல்லவில்லை. நூறு சதவீதம் கேட்டது.

சட்டத்தின் பெயர் ‘நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்’. ஒரு குழந்தையும் பின்தங்கிவிடக் கூடாது என்பது அதன் பொருள். ஏழைக் குழந்தைகளுக்காக மரியன் ரைட் எடல்மன் நிறுவிய ‘குழந்தைகள் பாதுகாப்பு நிதியம்’ பல ஆண்டுகளாகத் தன் முழக்கமாக வைத்திருந்த சொற்றொடரைச் சற்றே திருப்பிப் போட்டு எடுத்த பெயர் அது. எடல்மன் தென் கரோலினாவில் ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகளாகப் பிறந்தவர். போதகர் வீட்டுப் பெண்ணின் முழக்கம் வெள்ளை மாளிகைக்குப் போய், தேர்வுத்தாளாகத் திரும்பி வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2005-இல், அமெரிக்கத் தேசியத் திருச்சபைகள் மன்றத்தின் அரசுப் பள்ளிக் கல்விக் குழு இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் தனக்குள்ள ‘பத்து அறவியல் கவலைகள்’ என்று ஓர் ஆவணத்தை வெளியிட்டது. மெதடிஸ்ட், பிரஸ்பிடீரியன், லுத்தரன், எபிஸ்கோபல் சபைகள், கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள், கறுப்பின மக்களின் வரலாற்றுச் சபைகள் என முப்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகள் அந்த மன்றத்தில் இருந்தன. அவற்றின் மொத்த உறுப்பினர்கள் சுமார் 4.5 கோடி பேர் என்று மன்றம் சொல்லிவந்தது.

மூன்றாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் திருச்சபைக்கு என்ன வேலை என்று அப்போதே பலர் கேட்டார்கள். பள்ளியில் பிரார்த்தனை, பரிணாமக் கொள்கை என்று மதமும் பள்ளியும் உரசும் வழக்கமான இடங்கள் அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்தவை. தேர்ச்சி விழுக்காட்டுக் கணக்கு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கதை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்தக் கதையில் சபைகள் வெளியாட்களாக இருந்ததே இல்லை.

குருத்தோலை ஞாயிறன்று பிறந்த சட்டம்

அமெரிக்காவில் பள்ளிக்கூடம் மாநிலத்தின் பொறுப்பு. பணத்தில் பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்தும் மாநில நிதியிலிருந்தும் வருகிறது. வீட்டு விலை உயர்ந்த ஊரில் பள்ளிக்கும் வசதி, ஏழை ஊரில் பள்ளியும் ஏழை. இதைக் கொஞ்சமாவது சமன்செய்ய வாஷிங்டனிலிருந்து பணம் வரவேண்டும் என்ற முயற்சி பல பத்தாண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று மதம். அரசுப் பணம் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் போகவேண்டும் என்றனர் கத்தோலிக்கர். போகவே கூடாது என்றனர் புராட்டஸ்டன்டுகள். 1961-இல், நாட்டின் முதல் கத்தோலிக்க அதிபரான கென்னடியின் கல்வி மசோதா பிரதிநிதிகள் சபையின் விதிக்குழுவில் 8-க்கு 7 என்ற ஒற்றை வாக்கில் முடக்கப்பட்டது. தீர்மானித்த வாக்கு நியூயார்க்கின் ஜேம்ஸ் டெலானியுடையது. அவரும் கத்தோலிக்கர், அதிபரின் கட்சிக்காரர்.

1965-இல் லிண்டன் ஜான்சன் காலத்தில் அந்த முடிச்சு அவிழ்ந்தது. உதவி பள்ளிக்குப் போவதாகச் சொல்லாமல் ஏழைக் குழந்தைக்குப் போவதாகச் சொல்லலாம். குழந்தை எந்தப் பள்ளியில் படித்தாலும் அதன் வறுமைதான் அளவுகோல் என்ற வழி கண்டுபிடிக்கப்பட்டது. ஆசிரியர் அமைப்பும் கத்தோலிக்கத் தலைமையும் தேசியத் திருச்சபைகள் மன்றமும் இதற்கு இசைந்தன. ஜனவரியில் அறிமுகமான தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம் ஏப்ரலில் சட்டமாயிற்று. ஏப்ரல் 11 அன்று, டெக்சாஸில் தான் சிறுவயதில் படித்த ஓரறைப் பள்ளியின் முன், தன் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஜான்சன் கையெழுத்திட்டார். அன்று குருத்தோலை ஞாயிறு.

இந்தச் சட்டத்தின் உயிர்ப்பகுதி ‘டைட்டில் 1’ எனப்படும் நிதி. ஏழைக் குழந்தைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கான கூடுதல் பணம் அது. 2002-இல் புஷ் கையெழுத்திட்டது புதிய சட்டமே அல்ல. இதே 1965 சட்டத்தின் மறு அவதாரம்தான். முதல் சட்டம் ஏழைப் பள்ளிக்குப் பணம் கொடுத்தது. மறு அவதாரம் அந்தப் பணத்துக்கு ஈடாக மதிப்பெண் கேட்டது. சபைகள் குரல் எழுப்பியதை விளங்கிக்கொள்ள இந்த ஒரு மாற்றம் போதும்: தாங்களும் சேர்ந்து பெற்ற உதவித்திட்டம் தண்டனைத்திட்டமாக மாறிவிட்டதாக அவர்கள் கண்டார்கள்.

37 வாசல்கள்

சட்டம் இயங்கிய விதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும். எதிர்ப்பின் நியாயம் அதன் கணக்கில்தான் இருக்கிறது.

மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும், உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறை, வாசிப்பிலும் கணிதத்திலும் மாநிலத் தேர்வு. முடிவைப் பள்ளியின் மொத்தச் சராசரியாக மட்டும் வெளியிட முடியாது. மாணவர்களைப் பிரித்துக் காட்டவேண்டும்: ஐந்து இனப்பிரிவுகள், ஏழைக் குடும்பத்தவர், மாற்றுத்திறனாளிகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள். மொத்தத்தையும் சேர்த்தால் ஒன்பது தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் இரண்டு பாடங்களிலும் அந்த ஆண்டின் இலக்கைத் தொடவேண்டும். ஒவ்வொன்றிலும் 95 சதவீதம் பேர் தேர்வு எழுதியிருக்கவும் வேண்டும். இத்துடன் பட்டம் பெறும் விகிதம் போன்ற இன்னோர் அளவு. மொத்தம் 37. இவற்றில் ஒன்று தவறினாலும் பள்ளி முழுவதும் தவறியதாகக் கணக்கு.

இப்போது இரண்டு பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். வசதியான புறநகர்ப் பள்ளியில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள். ஒரு தொகுதி கணக்கில் சேரவேண்டுமானால் அதில் குறைந்தபட்ச எண்ணிக்கையில் மாணவர்கள் இருக்கவேண்டும். அங்கே நான்கைந்து மாற்றுத்திறனாளிகள் இருந்தால் அவர்கள் தனித் தொகுதி ஆகமாட்டார்கள். பெருநகரின் நடுவிலுள்ள பள்ளிக்கோ எல்லாத் தொகுதிகளும் உண்டு. தவறுவதற்கு 37 வாசல்களும் திறந்திருக்கும். புறநகர்ப் பள்ளி ‘சிறந்தது’ என்று பெயர் வாங்கும். நகரப் பள்ளி ‘மேம்பாடு தேவைப்படுவது’ என்று பெயர் வாங்கும். வீடு வாங்க வரும் குடும்பம் எந்தப் பட்டியலைப் பார்த்து எங்கே போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இனத்தாலும் வருமானத்தாலும் ஊர்கள் பிரிந்து கிடப்பதை இந்தச் சட்டம் மேலும் ஆழப்படுத்துகிறது என்று திருச்சபைகள் மன்றம் தன் பத்துக் கவலைகளில் ஒன்றாக எழுதியது. மற்ற ஒன்பதையும்விட எனக்கு வலுவாகத் தெரிவது இதுதான். இந்தக் கவலைக்கு ஆதாரம் சட்டத்தின் சொந்தக் கணக்கிலேயே கிடைக்கிறது.

ஆங்கிலம் கற்பவர் தொகுதி இன்னும் விசித்திரம். ஆங்கிலம் நன்றாக வந்துவிட்ட மாணவர் அந்தத் தொகுதியிலிருந்து வெளியேறிவிடுவார்; புதிதாக வந்தவர் உள்ளே வருவார். ஆங்கிலம் தெரியாதவர்களின் தொகுதியில் நூறு சதவீதம் பேரும் ஆங்கில வாசிப்பில் தேர்ச்சி பெறவேண்டும் என்று கேட்டால் அந்தத் தொகுதி எப்படி வெல்லும்? பின்னாளில் கல்வித் துறை விதியைத் தளர்த்தியது: புதிதாக வந்தவர்களுக்கு முதல் ஆண்டு வாசிப்புத் தேர்விலிருந்து விலக்கு, வெளியேறியவர்களையும் சில காலம் கணக்கில் சேர்க்க அனுமதி. கணக்கின் கோணல் அதனால் முழுவதும் நிமிரவில்லை.

தொடர்ந்து தவறும் டைட்டில் 1 பள்ளிக்குத் தண்டனை படிப்படியாக வரும். இரண்டு ஆண்டுகள் தவறினால் பிள்ளைகளை வேறு அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை. பஸ் செலவு மாவட்டத்துடையது. அடுத்த ஆண்டும் தவறினால் பள்ளிக்கு வெளியே இலவச டியூஷன். அதன்பிறகு ‘திருத்த நடவடிக்கை’, கடைசியில் பள்ளியையே மறுசீரமைப்பது. ஆசிரியர்களை மாற்றலாம், பள்ளியை ‘சார்ட்டர்’ பள்ளியாக்கித் தனி நிர்வாகத்திடம் கொடுக்கலாம், மாநிலமே எடுத்துக்கொள்ளலாம். பஸ்ஸுக்கும் டியூஷனுக்கும் மாவட்டத்தின் டைட்டில் 1 பணத்தில் 20 சதவீதம் வரை ஒதுக்கவேண்டும். ஏழைப் பிள்ளைக்கு வகுப்பறையில் கூடுதல் ஆசிரியர் வைக்க வந்த பணம் தனியார் டியூஷன் நிறுவனங்களுக்குப் போனது. இதையும் மன்றத்தின் ஆவணம் கண்டித்தது.

கவனிக்கவேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. அந்த டியூஷன் நடத்தும் தகுதி மதச்சார்பு அமைப்புகளுக்கும் இருந்தது. புஷ் நிர்வாகம் அவற்றை ஊக்குவித்து அழைக்கவும் செய்தது. சபைகள் விரும்பியிருந்தால் எதிர்த்துப் பேசாமல் தங்கள் அரங்கத்தில் மேசை நாற்காலி போட்டு அந்தப் பணத்தில் பங்கு கேட்டிருக்கலாம்.

சபை பேசியபோது என்ன மாறியது?

பத்துக் கவலைகளில் சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை புதியவை அல்ல. நூறு சதவீதம் சாத்தியமில்லை என்று புள்ளியியலாளர்கள் சொல்லியிருந்தார்கள். பணம் தராமல் வேலை வாங்குகிறார்கள் என்று ஆசிரியர் சங்கம் சொல்லியிருந்தது. 2005-இல் வழக்கும் போட்டது. அந்தப் புகாருக்கு ஆதாரம் இருந்தது: சட்டமே 2007-ஆம் நிதியாண்டுக்கு டைட்டில் 1-க்காக 2,500 கோடி டாலர் வரை அனுமதித்திருந்தது, கையில் வந்தது ஏறக்குறைய 1,280 கோடி. ஆசிரியர் சங்கம் பேசினால் ‘தங்கள் வேலையைக் காப்பாற்றப் பேசுகிறார்கள்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட முடிந்தது. சபையை அப்படித் தள்ள முடியவில்லை. மதிப்பெண் ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

அதைவிட முக்கியமானது, சபைகள் பேச்சின் எழுவாயை மாற்றின. சட்டத்தின் மொழியில் ‘பொறுப்பேற்க வேண்டியவர்’ பள்ளி, ஆசிரியர், கடைசியில் குழந்தை. தன் தொகுதியால்தான் பள்ளிக்குக் கெட்ட பெயர் வந்தது என்று ஒரு பத்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்துவிடும். சக மாணவர்கள் முன்னும் ஆசிரியர் முன்னும் அது கூனிக் குறுகும் என்று மன்றத்தின் ஆவணம் எழுதியது. புள்ளியியலாளரின் அறிக்கையில் இப்படி ஒரு வரி வராது. மூன்றாம் வகுப்பு நிலையிலிருந்து ஆறாம் வகுப்பு நிலைக்கு முன்னேறிய எட்டாம் வகுப்பு மாணவர்கள் சட்டத்தின் பார்வையில் தோற்றவர்களே என்றும் அது சுட்டிக்காட்டியது. எங்கே தொடங்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை; எங்கே நிற்கிறார்கள் என்பது மட்டும் கணக்கு.

பத்தாவது கவலை பணத்தைப் பற்றியது. அதில் அவர்கள் துணைக்கு அழைத்தது மினசோட்டா செனட்டர் பால் வெல்ஸ்டோனை. கல்லூரிப் பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர்; இந்தச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்த பத்துப் பேரில் ஒருவர்; 2002 அக்டோபரில் விமான விபத்தில் இறந்தார். எந்த வசதியும் இல்லாத குழந்தையை எல்லா வசதியும் உள்ள குழந்தையோடு ஒரே தேர்வில் உட்காரவைப்பதன் மூலம், நாம் செய்யத் தவறியதற்குக் குழந்தையைப் பொறுப்பாக்குகிறோம் என்பது அவருடைய வாதம். இங்கே எழுவாய் ‘நாம்’ ஆகிவிட்டது. வரி கட்டும் நாம், வரிச்சட்டம் போடும் நாம். பாவஅறிக்கை செய்து பழகிய சபை மக்களுக்கு இந்த இலக்கணம் அந்நியமானதல்ல.

இந்தப் பணியின் மையத்தில் இருந்தது யுனைட்டட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் சபை. அதன் தலைமையகம் ஒஹையோவின் கிளீவ்லண்டில். சட்டத்தில் கையெழுத்தான அதே மாநிலம். சபையின் அரசுப் பள்ளிக் கல்விப் பணிக்குப் பொறுப்பாக இருந்த ஜான் ரெசெகர் என்ற பெண்மணிதான் மன்றத்தின் கல்விக் குழுவுக்கும் தலைமை வகித்தார். தமிழ் வாசகருக்கு இந்தச் சபை தூரத்து உறவுதான். 1957-இல் பல சபைகள் இணைந்து உருவான அதன் வேர்களில் ஒன்று காங்கிரிகேஷனல் சபை. அந்தச் சபையார் முன்னின்று நடத்திய அமெரிக்க மிஷன்தான் யாழ்ப்பாணத்தில் 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும் 1824-இல் உடுவிலில் பெண்கள் பள்ளியையும் தொடங்கியது. 1834-இல் மதுரைக்கு வந்தது. பள்ளிக்கூடம் கட்டுவதை வழிபாட்டுக்கு அடுத்த வேலையாக நினைத்த மரபு அது.

சபைகள் செய்த வேலை வெளியிலிருந்து பார்த்தால் சுவாரசியமற்றது. மற்ற அமைப்புகளோடு கூட்டறிக்கையில் கையெழுத்திடுவது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் விநியோகிக்கும் தாளோடு ஒரு பக்கக் குறிப்பைச் செருகுவது, பள்ளி திறக்கும் பருவத்தில் சபைகளுக்குப் படிப்புக் குறிப்புகள் அனுப்புவது, நாடாளுமன்ற விடுமுறையில் உறுப்பினர் ஊருக்கு வரும்போது நான்கைந்து பேராகப் போய்ப் பார்ப்பது. வரிவிலக்குப் பெற்ற சபைகள் சட்டத்தைப் பற்றி அளவோடு பேசலாம். வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. 1954-இல் அந்தத் தடையைக் கொண்டுவந்தவர் அப்போது செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன். இந்தக் கதையில் அவரிடமிருந்து தப்பவே முடியாது போலிருக்கிறது.

கூட்டறிக்கைகளில் முக்கியமானது 2004 அக்டோபரில் வந்தது. தேர்வுச் சீர்திருத்த அமைப்பான ஃபேர்டெஸ்ட், ஆசிரியர் அமைப்புகள், குடிமை உரிமை அமைப்புகள், மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளோடு திருச்சபைகளும் சேர்ந்து வெளியிட்டன. பிற்பாடு கையெழுத்திட்ட அமைப்புகளின் எண்ணிக்கை 150-ஐத் தாண்டியது. மதிப்பெண் ஏறவில்லை என்று தண்டிப்பதை விட்டுவிட்டு, கற்பித்தலை உண்மையிலேயே மேம்படுத்தும் மாற்றங்களைச் செய்தார்களா என்பதற்கு மாநிலங்களையும் மாவட்டங்களையும் பொறுப்பாக்குங்கள் என்பது அதன் சாரம்.

எல்லாச் சபைகளும் இதில் இல்லை. கத்தோலிக்க ஆயர்களின் கவனம் வேறு இடத்தில் இருந்தது: தங்கள் பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சட்டப்படி வரவேண்டிய பங்கு சரியாக வருகிறதா என்பதில். அவர்கள் பள்ளிகளுக்கு இந்தத் தேர்வு கிடையாது. பழமைவாத இவாஞ்சலிக்கல் சபைகளில் பலருக்கு அரசுப் பள்ளியைக் காப்பாற்றுவதைவிட அரசுப் பணத்தில் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றும் வவுச்சர் திட்டமே பெரிதாகப் பட்டது. ‘அமெரிக்கத் திருச்சபைகள்’ என்று தலைப்பில் போட்டிருந்தாலும், உண்மையில் இது மையநீரோட்டப் புராட்டஸ்டன்டுகளும் கறுப்பினச் சபைகளும் சேர்ந்து நடத்திய இயக்கம்.

எதிர்த்தரப்பின் அறம்

இதை அறம் ஒரு பக்கம், எண் மறு பக்கம் என்று எழுதிவிடுவது சுலபம், அது நேர்மையாகாது. மறுபக்கத்திலும் அறம் இருந்தது. ஏழைப் பிள்ளையிடம் குறைவாக எதிர்பார்ப்பதே ஒருவகை இனவெறி என்று புஷ் தன் உரைகளில் சொன்னார். அரசியல்வாதி பேச்சு என்று அதை ஒதுக்கினாலும், ஏழை, சிறுபான்மைப் பிள்ளைகளின் கல்விக்காகக் குரல்கொடுக்கும் எஜுகேஷன் டிரஸ்ட் போன்ற அமைப்புகளும் ஹிஸ்பானியர் உரிமை அமைப்புகளும் சொன்னதை அப்படி ஒதுக்க முடியாது. 2002-க்கு முன்னால் ஒரு பள்ளியின் சராசரி நன்றாக இருந்தால் போதும். அதற்குள் கறுப்பினப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். மாற்றுத்திறனாளிகளைத் தேர்வு நாளில் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டால் கணக்கு அழகாக வரும். தொகுதி வாரியாகக் காட்டு, 95 சதவீதம் பேரை உட்காரவை என்ற இரண்டு விதிகளும் அந்தத் திருட்டை நிறுத்துவதற்காக வந்தவை. எண்ணப்படாத பிள்ளை பள்ளியின் கண்ணில் படவே படாது என்பது அவர்கள் வாதம். அதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு அனுபவம் இருந்தது.

ஆக, மோதிக்கொண்டவை இரண்டு நீதிகள். ஒன்று, அந்தக் குழந்தை எண்ணப்பட வேண்டும் என்றது. மற்றது, எண்ணிய பிறகு அந்த எண்ணைக் கொண்டு குழந்தையை அடிக்காதே என்றது. இரண்டையும் சேர்த்து நடத்தியிருக்கலாம். எல்லாப் பிள்ளைகளையும் ஆண்டுதோறும் தேர்வில் உட்காரவைக்காமல், மாதிரிக்குச் சிலரை மட்டும் சோதித்து நாட்டு நிலவரத்தைச் சொல்லும் தேசிய மதிப்பீடு அமெரிக்காவில் 1969 முதல் இருக்கிறது. அதை யாரும் பயந்து பார்ப்பதில்லை; பார்த்து யாரும் தண்டிக்கப்படுவதும் இல்லை. ஆனால் மாதிரி மதிப்பீடு ஒரு குறிப்பிட்ட பள்ளியைப் பற்றி எதுவும் சொல்லாது; தன் பிள்ளையின் பள்ளி ஏமாற்றுகிறதா என்று அறிய விரும்பும் தாய்க்கு அதனால் பயனில்லை. சபைகளின் வாதத்தில் மெலிந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சட்டம் போன போக்கோ தன் ஆதரவாளர்களுக்கே துரோகம் செய்தது. ‘தேர்ச்சி’ என்றால் என்ன என்று முடிவுசெய்யும் உரிமை மாநிலத்திடம் இருந்ததால், மிசிசிப்பியில் நான்காம் வகுப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வாசிப்பில் தேர்ந்தவர்கள் என்று மாநிலம் சொன்ன காலத்தில், தேசிய மதிப்பீடு ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகவே அந்நிலையில் இருப்பதாகச் சொன்னது. பல பள்ளிகளில் தேர்ச்சிக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கும் பிள்ளைகள்மீது மட்டும் ஆசிரியர்கள் உழைத்தார்கள். வெகுகீழே இருந்தவர்களைக் கரையேற்றி எந்தப் பயனும் இல்லை என்று கணக்கே சொன்னது. நான்காம் வகுப்புக் கணிதத்தில் ஓரளவு உண்மையான முன்னேற்றம் வந்ததாக ஆய்வுகள் காட்டின. வாசிப்பில் அப்படி எதுவும் தென்படவில்லை. 2011-இல் அட்லாண்டாவில் மாநில விசாரணை அறிக்கை ஒன்று 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்கள் விடைத்தாள் மோசடியில் சம்பந்தப்பட்டதாகச் சொன்னது. 2015-இல் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகள். பொய் மதிப்பெண் கிடைத்ததால், கிடைக்கவேண்டிய கூடுதல் உதவி அவர்களுக்குக் கிடைக்காமல் போனது.

தண்டனை போனது, தேர்வு நிலைத்தது

சட்டம் 2007-இல் புதுப்பிக்கப்பட வேண்டும், நாடாளுமன்றத்தால் முடியவில்லை. ஒபாமா வந்ததும் மாறும் என்று சபைகள் எதிர்பார்த்தன. அவர் 2009-இல் 435 கோடி டாலரில் ‘ரேஸ் டு த டாப்’ என்ற போட்டியை அறிவித்தார்: மாநிலங்கள் போட்டியிடவேண்டும், வென்றவர்களுக்குப் பணம். ஆசிரியரின் மதிப்பீட்டை மாணவர் மதிப்பெண்ணோடு இணைக்கும் மாநிலத்துக்குப் புள்ளிகள் கூடும். 2010 மே மாதம் திருச்சபைகள் மன்றத்தின் ஆட்சிக்குழு அதிபருக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரு மேய்ப்பர் கடிதம் எழுதியது. குழந்தைகள் சோதித்து நிர்வகிக்கப்படவேண்டிய உற்பத்திப் பொருள்கள் அல்ல, பேணி வளர்க்கப்படவேண்டிய தனித்தனி மனிதர்கள் என்பது அதன் அடிநாதம். ஏழைக் குழந்தைக்குச் சேரவேண்டிய பணத்தைப் பந்தயப் பரிசாக்கினால் பந்தயத்தில் தோற்ற மாநிலத்தின் குழந்தை என்ன செய்யும் என்ற கேள்விக்கு வெள்ளை மாளிகையிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

2011 மார்ச்சில் கல்வி அமைச்சர் ஆர்னி டங்கன் அந்த ஆண்டு 82 சதவீதப் பள்ளிகள் தவறக்கூடும் என்று எச்சரித்தார். உண்மையில் தவறியவை பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆனாலும் நாட்டின் பாதிப் பள்ளிகள் தோல்வி என்று சொல்லும் அளவுகோலை யார் மதிப்பார்கள்? அந்த ஆண்டே நிர்வாகம் மாநிலங்களுக்கு நிபந்தனையோடு விலக்கு அளிப்பதாக அறிவித்து, பின்னர் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்குக் கொடுத்தது. ஆசிரியர் மதிப்பீட்டு நிபந்தனையை ஏற்காததால் 2014-இல் விலக்கை இழந்த வாஷிங்டன் மாநிலத்தில் பத்தில் ஒன்பது பள்ளிகள் ‘தவறியவை’ ஆயின. உங்கள் பள்ளி தவறிவிட்டது என்று பெற்றோருக்கு அந்தப் பள்ளிகளே கடிதம் அனுப்பவேண்டியிருந்தது. நூறு சதவீதம் எட்டப்படவேண்டிய ஆண்டு இப்படி முடிந்தது. பத்துக் கவலைகளில் முதலாவது இதையேதான் சொல்லியிருந்தது: முடியாத இலக்கை வைத்துவிட்டு, அது முடியாமல் போகும்போது அரசுப் பள்ளி என்ற அமைப்பின்மீதே மக்கள் நம்பிக்கை இழப்பார்கள்.

2015-இல் செனட்டின் கல்விக்குழுத் தலைவர் லமார் அலெக்சாண்டர் வெளியிட்ட வரைவில் இரண்டு வழிகள் இருந்தன: ஆண்டுத் தேர்வைத் தொடர்வது, அல்லது எப்போது தேர்வு என்பதை மாநிலத்திடம் விடுவது. சபைகளும் ஃபேர்டெஸ்டும் பத்தாண்டுகள் தட்டிய கதவு ஓர் அங்குலம் திறந்தது அப்போதுதான். அதே ஜனவரியில் சுமார் இருபது குடிமை உரிமை அமைப்புகள் ஆண்டுத் தேர்வு தொடரவேண்டும் என்று கூட்டாக அறிக்கை விட்டன. மே மாதம் அவற்றில் பன்னிரண்டு, பிள்ளைகளைத் தேர்விலிருந்து விலக்கும் பெற்றோரைக் கண்டித்தன. கதவு மூடிக்கொண்டது. டிசம்பர் 10 அன்று ஒபாமா கையெழுத்திட்ட ‘எவ்ரி ஸ்டூடன்ட் சக்சீட்ஸ்’ சட்டம் நூறு சதவீத இலக்கை நீக்கியது. மத்திய அரசின் படிப்படியான தண்டனைகளை நீக்கியது. ஆசிரியர் மதிப்பீட்டில் வாஷிங்டன் தலையிடுவதைத் தடுத்தது. மதிப்பெண் அல்லாத இன்னோர் அளவையும் சேர்க்கச் சொன்னது. ஆண்டுத் தேர்வும் தொகுதி வாரிக் கணக்கும் 95 சதவீத விதியும் அப்படியே நின்றன. டைட்டில் 1 பள்ளிகளில் கடைசி ஐந்து சதவீதத்தை அடையாளம் காணவேண்டும் என்றும் இருக்கிறது. எவ்வளவு நன்றாக ஓடினாலும் ஓட்டத்தில் கடைசி ஐந்து சதவீதம் என்று ஒன்று எப்போதும் இருக்கத்தானே செய்யும்.

பத்தாவது கவலைக்கு, பணத்துக்கு, எந்த விடையும் வரவில்லை. தேர்வு மாற்றப்படவேண்டும் என்பதற்கு இரண்டு கட்சிகளிலும் ஆள் கிடைத்தது. அந்தப் பணத்தை யார் கொடுப்பது என்ற பேச்சு எழுந்தபோது கிடைக்கவில்லை.

பெருந்தொற்றின் 2020 வசந்தத்தில் ஆண்டுத் தேர்வு நாடு முழுவதும் முதல்முறையாக நிறுத்தப்பட்டது. மறு ஆண்டே பைடன் நிர்வாகம் முழு விலக்குத் தர மறுத்துவிட்டது. இப்போது சபைகளின் சண்டை வேறு களத்தில் நடக்கிறது. டெக்சாஸில் 2013 முதல் இயங்கும் ‘பாஸ்டர்ஸ் ஃபார் டெக்சாஸ் சில்ட்ரன்’ அமைப்பின் போதகர்கள், வரிப்பணத்தைத் தனியார் பள்ளிக்குக் கொண்டுபோகும் வவுச்சர் மசோதாக்களைப் பத்தாண்டுகளுக்கு மேல் எதிர்த்துவந்தார்கள். 2025 மே மாதம் ஆளுநர் கிரெக் அபட் 100 கோடி டாலர் திட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தத் திட்டத்தில் சேரும் பிள்ளைகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் மாநிலத் தேர்வையே எழுதவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேறு தேசியத் தேர்வு ஒன்றை எழுதினால் போதும். வவுச்சரை எதிர்ப்பவர்கள் இப்போது சட்டமன்றத்தில் அடிக்கடி எழுப்பும் கேள்வி: வரிப்பணம் வாங்கும் எல்லாப் பள்ளிக்கும் ஒரே தேர்வு வேண்டாமா?